அப்பாவின் நாலு கட்டை

1

என் இடது கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யாராவது பாட வாயைத் திறந்தால் போதும், அது தானாகக் கிளம்பிப் போய் ஒரு பட்டனைத் தேடும். பியானோவில் பட்டன் ஏது? மரப்பலகையைத் தடவிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும். கனடாவின் இந்தச் சமவெளி நகரத்தில், பல்கலைக்கழக இசைப்பள்ளியில் பியானோ வாசிப்பில் நான்கு வருடப் பட்டப்படிப்பை முடித்துவிட்டேன். போன வாரம் பட்டம் தபாலில் வந்தது. அன்று மாலையே பக்கத்து வீட்டுக் குழந்தை பாட வர, என் பட்டதாரிக் கை பழையபடி பட்டனைத் தேடிப் போனது. சிரித்துக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் கோயில் பாடற்குழுப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பட்டனைத் தெரிந்திருக்கும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன். பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும், வாசிக்கிறவர் அந்தப் பட்டனை நாலு அழுத்து அழுத்திவிட்டு, தனக்குப் பழகிய ஒரே இடத்தில் வாசித்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் பழகிய இடம் ஒரு கட்டைச் சுருதி; கட்டை எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். வெள்ளையிலேயே எல்லாம் முடிந்துவிடும், கறுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் ஆரம்பித்துக் கல்யாணம் ஆகும்வரை ஞாயிறு பூசை, கல்யாணப் பூசை, துக்கப் பூசை எல்லாவற்றையும் அந்த ஒரே இடத்தில் ஓட்டினேன். மீதியைப் பட்டன் பார்த்துக்கொண்டது.

எனக்கு அந்தப் பட்டன் அவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம் என் அப்பா. பெயர் சவரிமுத்து. பொம்மிடிப் பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் மரவள்ளி. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கோயிலில் முதல் குரல் அவருடையதுதான். யாரிடமும் சுருதி கேட்க மாட்டார். நான் முன்னிசை வாசிக்கலாம் என்று விரலைத் தூக்குவதற்குள் பாட்டு பாதி வரி போயிருக்கும்.

"எதுல எடுக்கப் போறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா" என்று கெஞ்சுவேன்.

"எனக்கே தெரியாது பாப்பா. நா எடுக்கறேன், நீ வந்து சேந்துக்க."

அவருக்குத் தெரியாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். பெரும்பாலும் நாலு கட்டை. ஆண்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடும் உயரம் அது. அப்பா அங்கே சாதாரணமாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மே மாதம் வரும் சூசையப்பர் திருவிழாவில், தோளில் தூக்கிப் போகும் தேர் நகர்வதற்கு முன்னால் பாடும் பாட்டை அவர் அங்கிருந்துதான் எடுப்பார். அவர் முதல் அடியை முடித்தபிறகே தேர் தூக்குகிறவர்கள் காலை எடுத்து வைப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

2

கணவர் ஜெரால்டுக்கு வேலை கிடைத்து இங்கே வந்தோம். மகள் ரோஷினி அப்போது கைக்குழந்தை. அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகம் போவேன். அங்கே கூடத்தில் ஒரு பழைய பியானோ, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற பலகையோடு. அதில் ஆரம்பித்தது. பிறகு ஒரு டீச்சரிடம் வாரம் ஒரு வகுப்பு, பிறகு இரண்டு, பிறகு தேர்வுகள். ரோஷினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஜெரால்டுதான் சொன்னார், "வூட்ல உக்காந்து மேசையில தாளம் போடறதுக்கு, போய்ப் படியேன்" என்று. அவர் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். சொன்னால் சொன்னதுதான்.

சேர்க்கைத் தேர்வுக்கு நன்றாகத் தயார் செய்திருந்தேன். வாசித்த மூன்று உருப்படிகளும் பிழையில்லை. கடைசியில் தேர்வாளர்களில் ஒருவர், டேனியல் என்பவர், ஒரு சின்ன மெட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இதையே இப்போது வேறு சுருதியில் வாசியுங்கள்" என்று சொல்லி, தானே அந்தச் சுருதியில் பாடிக் காட்டினார். அவ்வளவுதான். இடது கை எழுந்து போய்விட்டது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, பளபளக்கும் அந்தப் பெரிய பியானோவின் மூலையை என் கை தடவிக்கொண்டிருந்தது.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றார்.

"பட்டன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

முதலில் அவருக்குப் புரியவில்லை. விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்படியானால் பாடுகிறவர் எங்கே எடுக்கிறார் என்று காதாலேயே கண்டுபிடிப்பீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒன்று பாடினார், நான் கட்டையைச் சொன்னேன். இன்னொன்று பாடினார், அதையும் சொன்னேன். இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அவ்ளோ பெரிய பொட்டியில ஒரு பட்டன் வெக்க மாட்டாங்களா?"

3

டேனியல்தான் எனக்கு ஆசிரியராக அமைந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. சார் என்றே கூப்பிட்டேன். இராணுவத்தில் கூப்பிடுவது போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் "டேனியல் சார்" என்ற இடத்தில் இருவரும் சமாதானம் ஆனோம்.

உடன் படித்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். பயிற்சி அறைகள் மாட்டுத் தொழுவம் மாதிரி வரிசையாக இருக்கும், ஆளுக்கு ஒரு பியானோ. அடுத்த அறையில் ஒரு பையன் புயலாக வாசிக்க, நான் வந்ததும் பத்து நிமிடம் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுவேன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற குளிர் விரலை விட்டுப் போக அவ்வளவு நேரம் ஆகும். மதியத்துக்குக் கேழ்வரகுக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கொண்டுபோவேன். சாக்லேட்டா என்று கேட்ட பெண்ணுக்கு ஒன்று கொடுத்தேன். மென்றாள். எங்கள் ஊரில் களியை மெல்ல மாட்டார்கள், விழுங்குவார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க அன்று எனக்குத் தெம்பில்லை.

பெயர்ப் பிரச்சினை தனிக் கதை. என் பெயர் பிலோமினா, தகப்பன் பெயர் சவரிமுத்து. இந்த நாட்டில் கடைசிப் பெயரே ஆளின் பெயர். வருகைப் பதிவில், அடையாள அட்டையில், கதவில் ஒட்டும் கால அட்டவணையில் எங்கும் நான் சவரிமுத்து. அலுவலகத்தில் போய், அது என் அப்பா, நான் இல்லை என்று விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரிகிறது, திருமதி சவரிமுத்து" என்றார். என் அம்மாவாகவும் ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ரோஷினிக்கு இப்போது பதினொரு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தாத்தாவோடு அவள் பேச்சு "ஹாய் தாத்தா, சாப்டீங்களா, பை". இதில் தாத்தா பதில் சொல்ல இடமே கிடையாது. திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். அவள் நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவளுக்குக் கைபேசித் திரையில் வரும் மனிதர்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா கூப்பிடுவார். எனக்கு அது சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அன்று கோயிலில் பாடியதை இரண்டு வரி பாடிக் காட்டுவார். நான் சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்பேன். வருடக்கணக்காக அப்படிக் கேட்டதில் நான் சுருதியைக் கவனித்ததே இல்லை. அப்பா பாடினால் அது அப்பா, அவ்வளவுதான்.

படிக்கப் போனபிறகு காது மாறிவிட்டது. இசைப்பள்ளியில் காதுக்கென்றே தனி வகுப்பு உண்டு. ஒலிக்கிற எதையும் இது இந்தச் சுருதி என்று எழுதிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பேருந்துக் கதவு, பாத்திரம் விழும் சத்தம் எதையும் காது விட்டுவைக்காது. ஒரு வாரம் அப்பா பாடும்போது காது தானாகச் சொன்னது: மூன்று. நான் நம்பவில்லை. ஏதோ ஜலதோஷம் என்று விட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து இரண்டரை. அடுத்த வருடத் தவக்காலத்தில் இரண்டு. முகத்தில் மாற்றமில்லை, மீசை அதே மீசை, சிரிப்பு அதே சிரிப்பு. திரையில் தெரியாத முதுமை குரலில் தெரிந்தது. இதைக் கேட்கத்தானா இவ்வளவு படித்தேன் என்று சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

பிறகு பாடுவதே நின்றது. "தொண்ட கட்டிக்கிச்சு கண்ணு" என்பார். அடுத்த வாரமும் அதே.

அம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தாள். "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பொங்கல் பூசையில மேல போறப்ப கொரல் ஒடஞ்சுபோச்சு. பின்னாடி ரெண்டு பொண்ணுங்க சிரிச்சிருச்சுங்க போல. அன்னைக்கிருந்து கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கறாரு. இந்த வருசம் தேர்ப் பாட்டும் பாட மாட்டாராம். ஃபாதர்கிட்டயே சொல்லிட்டாரு."

எனக்குப் பிறகு கீபோர்டு வாசிப்பவர் ஸ்டீபன். பொம்மிடியில் மொபைல் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, தேர்ப் பாட்டு எதுல வாசிக்கறீங்க?"

"நாலுலதாங்க்கா."

"கொஞ்சம் எறக்கி வாசிக்கலாம்ல? அப்பாவுக்கு எட்ட மாட்டேங்குதுல்ல."

அவர் பதறிப்போனார். "அக்கா, அது உங்கப்பா கட்டைக்கா. அவரு பாடுன பழைய ரெக்கார்டு வெச்சுத்தான் நாங்க எல்லாரும் கத்துக்கிட்டோம். பாட்டுக்கு முன்னாடி அதே கட்டைல முன்னிசை போடறேன். அதப் போயி நாங்க எப்படிக்கா மாத்தறது? மரியாதையா இருக்குமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்பாவின் நாலு கட்டையைக் கோயில் சொத்து மாதிரி பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் அப்பா மட்டும் நுழைய முடியாது. அப்பாவிடம் பேசினால் அவரும் அதையேதான் சொன்னார். "அது நாலுல எடுக்கற பாட்டு பாப்பா. கீழ எடுத்தா பாட்டுக்கே அவமானம். முடியலன்னா ஒதுங்கிக்கணும், அதான் அழகு."

அவர் பாடாத திருவிழா எனக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. இந்த வருடம் விட்டுவிட்டால் அடுத்த வருடம் அவர் வாயே திறக்க மாட்டார். பிடிவாதக்காரர். எனக்குத் தெரியும், அதில் பாதி என்னிடம் இருக்கிறது.

5

கடைசி வருடப் பாடங்களில் ஒன்று, ஏதாவது ஒரு மெட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் தடுக்காமல் வாசிப்பது. மெட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் தேர்ப் பாட்டை எடுத்தேன். ஒன்றரைக் கட்டையில் ஐந்து கறுப்பும் வந்துவிடும். சின்ன வயதில் நான் தொடவே பயந்த இடம். விரல்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தன. டேனியல் சார் கேட்டார், "ஏன் எப்போதும் மேலிருந்து கீழேயே போகிறீர்கள்? மேலேயும் ஏறிப் பழகுங்கள்."

"எனக்குக் கீழே போவதுதான் வேண்டும் சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பினார்.

ஏப்ரலில் பட்டத்துக்கான கச்சேரி. அரங்கத்தில் ஜெரால்டு, ரோஷினி, எங்கள் தெருக்காரர்கள் சிலர், மற்றபடி பிள்ளைகள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "இப்போது வாசிக்க வருபவர், சவரிமுத்து" என்றார். நான் எழுந்து மேடைக்குப் போனேன். நான்கு வருடமாக எரிச்சலூட்டிய அந்தப் பெயர் அன்றைக்கு இனித்தது. பதற்றமில்லாமல் வாசித்தேன். தேறிவிட்டேன்.

அடுத்த வாரமே ரோஷினியோடு விமானம் ஏறினேன்.

6

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. வெளியே மாங்காய்க் கூடைகளின் வாசம். அப்பா வந்திருந்தார். ரோஷினி "ஹாய் தாத்தா" என்றாள். அப்பாவும் "ஆய் கண்ணு" என்றார். இருவருக்கும் அதற்கு மேல் ஓடவில்லை. அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

திருவிழா மாலை, பூசை முடிந்து கோயில் வாசலில் தேர் தயாராக நின்றது. படியோரம் புதுக் கீபோர்டும் மைக்கும். ஸ்டீபனிடம் நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு எழுந்துகொண்டார். அப்பா தூரத்தில், வேப்ப மரத்தடியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். நான் அவரிடம் போனேன்.

"அப்பா, நீங்க எடுங்க."

"அதெல்லாம் ஆவாது பாப்பா. ஸ்டீபன் பசங்க பாடுவாங்க."

"நீங்க எடுத்தாத்தான் நா வாசிப்பேன். நீங்க எதுல வேணா எடுங்க, நா வந்து சேந்துக்கறேன்."

"ஏன் கண்ணு, ஊரு முன்னாடி என்னைய..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துத் தேரை மந்திரித்து முடித்தார். தேர்த் தண்டுகள் தோளில் ஏறின. எல்லோரும் என் முன்னிசைக்காகக் காத்திருந்தார்கள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஆரம்பிங்க" என்று ஸ்டீபன் கிசுகிசுத்தார். நான் அசையவில்லை. முன்னிசை போட்டால் அது ஒரு சுருதியைக் கட்டிவிடும். என் அப்பா யாரிடமும் சுருதி வாங்கிப் பாடியவர் இல்லை. தேர் தூக்கிய ஆள்களின் முகத்தில் வியர்வை ஓடியது. "என்னம்மா, தண்டு தோள அறுக்குது" என்று யாரோ கத்தினார்கள். ஃபாதர் என்னைப் பார்த்தார். அப்பா எடுக்காமல் போனால் ஊர் முன்னால் அவரை நானே தலைகுனிய வைத்தவளாவேன். அந்த எண்ணம் வந்ததும் எழுந்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் தேரைக் காக்க வைக்க அப்பாவால் முடியாது. அது எனக்குத் தெரியும்.

வேப்ப மரத்தடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மைக் இல்லை. இரண்டு கட்டை. தாழ்ந்து, கொஞ்சம் கரகரத்து, ஆனால் அவருடைய குரல். நான் விரலை வைத்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்து வழிவிட்டது. பாடிக்கொண்டே அவர் நடந்து வந்தார். தேர் நகர்ந்தது.

இரண்டாவது சரணத்தில் அவருடைய சுருதி அரைக் கட்டை இறங்கியது. வயதானவர்களுக்கு மூச்சு குறையும்போது அப்படித்தான் ஆகும், அவருக்கே தெரியாது. பட்டனை நம்பியிருந்தால், பாட்டின் நடுவே அதை அழுத்த முடியாமல் நான் அங்கேயே மாட்டியிருப்பேன். விரல்கள் ஐந்து கறுப்புக்கும் தாவின. அவர் போன இடத்துக்கு நானும் போனேன். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. ஊர் பாடிக்கொண்டிருந்தது. நாலு கட்டையில் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டு மட்டுமே வந்தவர்கள், தேர் தூக்குகிறவர்கள், முறுக்குக் கடைக்காரர், என் பெரியப்பா, எல்லோரும் பாடினார்கள். அவர்களுக்கு எட்டுகிற இடத்துக்குப் பாட்டு இப்போதுதான் வந்திருந்தது. பக்கத்தில் ரோஷினி, வார்த்தை தெரியாமல் வெறும் மெட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சரணத்தில் அவர் இன்னும் ஓர் அரைக் கட்டை இறங்கினார். ஒரு கட்டை. எட்டாம் வகுப்பிலிருந்து என் விரல்கள் குடியிருந்த இடம். நான் எத்தனையோ வருடம் பட்டனை அழுத்தி அழுத்தி அவரை எட்டிப் பிடித்தேன். இப்போது அவரே இறங்கி, நடந்து, என் வெள்ளைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டார். கண்ணை மறைத்தது. நல்லவேளை, அந்த இடத்தில் எனக்குப் பார்த்து வாசிக்க வேண்டியதில்லை.

7

தேர் தெரு திரும்பியதும் அப்பா வந்து படியில் உட்கார்ந்தார். ரோஷினி தன்னுடைய தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். குடித்துவிட்டு, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"பட்டன அமுத்தவே இல்லியே நீ. இந்தப் புதுக் கீபோர்டுல இல்லியா அது?"

"இருக்குதுப்பா. தேவப்படல."

புட்டியை மூடி அவளிடம் கொடுத்தார். பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "ரொம்பக் கீழ வந்துட்டேன்ல பாப்பா. அடுத்த வருசம் இன்னும் போயிரும்."

"போங்கப்பா" என்றேன். "கீழ இன்னும் நெறைய எடம் இருக்குது. நா வந்து சேந்துக்கறேன்."